என்3-இல் தந்ததும் சாட்ஸ்வொர்த்தில் வாங்கிக்கொண்டதும்: ஒரு டீசல் காருடன் ஆறு ஆண்டுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புதிதாக வேலைக்கு வரும் தமிழ் நண்பர்கள் வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஆகிய இரண்டும் முடிவானவுடன் என்னிடம் கேட்கும் மூன்றாவது கேள்வி, பழைய டீசல் கார் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்பதுதான். 2018 பிப்ரவரியிலிருந்து 2024 வரை நான் ஒரு டீசல் காரை வைத்திருந்தேன். அந்த ஆறு ஆண்டுகளில் முதல் பாதி அது எனக்குச் சோறு போட்டது. பின் பாதியில் நான் அதற்குப் போட்டேன். வண்டியும் ஓட்டியவரும் மாறவில்லை, ஓடிய பாதைதான் மாறியது. ஆகவே இந்த மதிப்பீட்டை ஒரு குறிப்பிட்ட மாடலைப் பற்றியதாக எடுத்துக்கொள்ளாமல், டீசல் என்னும் பொருளைப் பற்றியதாகவே எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். வண்டி ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் இரண்டு லிட்டர் டர்போ டீசல். பெயர் தேவையில்லை, ஏனென்றால் அதற்கு நேர்ந்தது அந்த வகை இன்ஜின் எதற்கும் நேரக்கூடியதே.

வாங்கியபோது அதற்கு வயது மூன்று, மீட்டரில் 58,000 கிலோமீட்டர். உணவுப் பொருள்களைப் பொட்டலமிடும் இயந்திரங்களை நிறுவிப் பழுது பார்ப்பது அன்று என் வேலை. மாதத்துக்கு இரண்டு முறை, பின்னால் 150 கிலோவுக்குக் குறையாத கருவிப் பெட்டிகளுடன், ஜோகன்னஸ்பர்க் போய்த் திரும்ப வேண்டும். என்3 நெடுஞ்சாலையில் ஒரு வழிக்கு ஏறத்தாழ 570 கிலோமீட்டர். கடல் மட்டத்தில் இருக்கும் டர்பனிலிருந்து கிளம்பி பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டியதும் டவுன் ஹில் ஏற்றம். பிறகு மூய் ரிவர். பிறகு டிராகன்ஸ்பர்க் மலைத்தொடரின் விளிம்பில் வான் ரீனன் கணவாய். அதைக் கடந்தால் ஹாரிஸ்மித்திலிருந்து சமவெளி, கடைசியில் 1,700 மீட்டருக்கும் அதிக உயரத்தில் ஜோகன்னஸ்பர்க். துறைமுகத்துச் சரக்கில் பெரும்பகுதி இந்தச் சாலையில்தான் உள்நாட்டுக்கு ஏறுகிறது என்பதால், இடப்பக்கத்தில் லாரிகள் முனகிக்கொண்டே ஊர்ந்து கொண்டிருக்கும். அவற்றைத் தாண்டிப் போகும் தெம்பு வண்டியில் இல்லையென்றால் பயணம் ஆறு மணி நேரத்தில் முடியாது.

இந்தச் சாலையில் டீசலுக்கு நிகரில்லை என்று நான் இன்றும் உறுதியாகச் சொல்வேன். டர்போ இல்லாத இன்ஜின், உயரம் கூடக் கூட மெலியும் காற்றினால், ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கை எட்டுவதற்குள் ஆறில் ஒரு பங்கு போய்விடும். டர்போ அந்தக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இழப்பு பெரிதாகத் தெரிவதில்லை. அதோடு டீசல் இன்ஜினின் இழுவிசை குறைந்த சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. ஈஸ்டர் விடுமுறையில் ஒருமுறை என் மைத்துனர் குடும்பமும் நாங்களும் இரண்டு வண்டிகளில் போனோம். அவருடையது டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல், ஏழு இருக்கைகள், ஏழு பேர். வான் ரீனன் ஏற்றத்தில் அவர் மூன்றாம் கியருக்கு இறங்கி, இன்ஜின் அலறுவது பின்னால் வந்த எங்களுக்கே கேட்கும் அளவுக்கு மிதித்துக்கொண்டிருந்தார். நான் ஐந்தாம் கியரில், சுழற்சி மீட்டரின் முள் இரண்டாயிரத்தைத் தொடாமல், என் மனைவியிடம் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே ஏறினேன். மேலே டீக்கடையில் நிறுத்தியபோது, “மாமா, உங்க வண்டிக்கு மலையே தெரியல போல” என்றார்.

எரிபொருள் கணக்கையும் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு 5.9 லிட்டர் டீசல் ஆனது. என்னுடன் வேலை செய்த ஒருவரிடம் அதே வண்டியின் பெட்ரோல் வடிவம் இருந்தது. அதே சாலையில், ஏறக்குறைய அதே சுமையுடன், அவருக்கு 7.8 லிட்டர். இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய ஆற்றலே பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகம். அதை எரிக்கும் முறையும் சிக்கனமானது, ஏனென்றால் தீப்பொறி இல்லாமல் வெறும் அழுத்தச் சூட்டிலேயே எரிய வைப்பதற்காக டீசல் இன்ஜின் காற்றை மிக அதிகமாக நெருக்குகிறது. இரண்டு எரிபொருளும் லிட்டருக்கு 20 ரேண்ட் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், நூறு கிலோமீட்டருக்கு 38 ரேண்ட் மிச்சம். ஜோகன்னஸ்பர்க் பயணங்கள் மட்டும் ஆண்டுக்கு 27,000 கிலோமீட்டர் என்பதால், ஆண்டுக்குப் பத்தாயிரம் ரேண்டுக்குச் சற்று மேல் என் பையில் தங்கியது. டீசல் என்பதற்காக நான் கூடுதலாகக் கொடுத்த 28,000 ரேண்டை மூன்று ஆண்டுகளுக்குள் அது திருப்பித் தந்திருக்கும். தந்துகொண்டும் இருந்தது.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. மீட்டரில் அப்போது 1,35,000. பல வாரங்கள் வண்டி வாசலிலேயே நின்றது. அதன் பிறகு நிறுவனம் என்னை மொபேனியில் உள்ள கிடங்குக்கு மாற்றியது. சாட்ஸ்வொர்த்தில் உள்ள வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். ஹிகின்சன் நெடுஞ்சாலையில் இறங்கினால், நெரிசல் இல்லாத நாளில் கால் மணி நேரம். குடும்பத்துக்கு அது பெரிய வரம். வண்டிக்கு அது நோய் என்பது அடுத்த ஆண்டுதான் எனக்குத் தெரிந்தது.

டீசல் வாங்க நினைப்பவர்கள் எல்லாவற்றையும்விட முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த இடத்தைத்தான் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன். இன்றைய டீசல் காரின் புகைக்குழாயில் டிபிஎஃப் எனப்படும் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. தேன்கூடு போன்ற பீங்கான் அறைகளில் புகைக்கரியைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. பிடித்த கரியை அவ்வப்போது அதுவே எரித்துச் சாம்பலாக்கவும் வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 டிகிரிச் சூடு தேவை. நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் சீரான வேகத்தில் போனால், இன்ஜின் கொஞ்சம் கூடுதல் டீசலைப் பீய்ச்சி அந்தச் சூட்டை உண்டாக்கி, ஓட்டுபவருக்குத் தெரியாமலே வேலையை முடித்துவிடும். ஒன்பது கிலோமீட்டர் போய் நிறுத்தும் வண்டியில் இன்ஜின் எண்ணெய்கூட முழுதாகச் சூடாவதில்லை. எரிக்கும் வேலை தொடங்கும், பாதியில் நிற்கும். மாலையில் மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு முறையும் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே கீழே வடிந்து எண்ணெயில் கலக்கும். 2021 ஆகஸ்டில் எண்ணெய் அளக்கும் கம்பியை எடுத்துப் பார்த்தேன். அளவு மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. எண்ணெய் குறைவதைத்தான் நான் அதுவரை கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டு விரல்களுக்கிடையில் தேய்த்தபோது வழவழப்பே இல்லாமல் தண்ணீர் போல இருந்தது, டீசல் வாடையும் அடித்தது.

அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு, வடிகட்டி அடைபடுவதைச் சொல்லும் மஞ்சள் விளக்கு எரிந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை வேலையில்லாமல் ஒருமுறை ஓட்டிப்போய் வந்தேன், அணைந்தது. மூன்று வாரத்தில் மறுபடி வந்தது. 2022 தொடக்கத்தில் வண்டி தானாகவே வலுவைக் குறைத்துக்கொண்டு, ஹிகின்சன் ஏற்றத்தில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போக மறுத்தது. ஜேக்கப்ஸ் பகுதியில் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அவருடைய பாட்டனார் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர். தமிழ் பேச வராது, ஆனால் பட்டறைச் சுவரில் முருகன் படமும் அதன் கீழே தினமும் புதுப் பூவும் இருக்கும். வடிகட்டியைக் கழற்றி மேசையில் வைத்து, விளக்கைப் பின்பக்கம் பிடித்து, என்னை முன்பக்கமிருந்து பார்க்கச் சொன்னார். தேன்கூட்டின் அறைகள் வழியே ஒளி வர வேண்டும். ஓரத்தில் நாலைந்து புள்ளிகள் தவிர மற்றதெல்லாம் அடுப்புக்கரி போல அடைந்திருந்தது. “அங்கிள், வண்டியில் ஒரு குறையும் இல்லை, அங்கிள் ஓட்டும் தூரம்தான் குறை” என்று ஆங்கிலத்தில் சொன்னார். கழுவித் தந்ததற்கு 6,500 ரேண்ட். அது எட்டு மாதம் தாங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் புதிய வடிகட்டி போட்டே ஆக வேண்டியதாயிற்று. கூலியுடன் 38,000 ரேண்ட்.

ஊருக்குள் ஓடிய கணக்கும் அதே நோட்டில் இருக்கிறது. குளிர்ந்த இன்ஜினும், பாதியில் நின்ற எரிப்புகளும் சேர்ந்து நூறு கிலோமீட்டருக்கு 9.4 லிட்டர். நண்பரின் பெட்ரோல் வண்டிக்கு அதே ஊர்ச் சாலைகளில் 9.9. வித்தியாசம் அரை லிட்டர், அதாவது பத்து ரேண்ட். ஆண்டுக்கு 7,000 கிலோமீட்டர் ஓட்டிய எனக்கு டீசல் மிச்சப்படுத்தித் தந்தது 700 ரேண்ட். அந்த ஒரு வடிகட்டியின் விலையை அதைக்கொண்டு ஈடுகட்ட ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஆகும்.

வடிகட்டியை மாற்றுவதற்கு முன், வேறொரு பட்டறையில் எனக்கு மலிவான வழி ஒன்று சொல்லப்பட்டது: உள்ளே இருக்கும் தேன்கூட்டை வெட்டி எடுத்துவிட்டு, வெறும் குழாயைப் பற்றவைத்து, கணினியில் விளக்கு எரியாதபடி மாற்றி எழுதுவது. செலவு நாலில் ஒரு பங்குகூட ஆகாது. தென்னாப்பிரிக்காவில் சொந்தக் கார் கை மாறும்போது மட்டுமே தகுதிச் சான்றுக்குப் போகிறது. ஆண்டுதோறும் புகையை அளந்து பார்ப்பவர் எவரும் இல்லை. ஆகவே பலரும் இதைச் செய்கிறார்கள். நான் மறுத்துவிட்டேன், அதற்காக இன்றும் வருந்தவில்லை. என் மனைவியின் அக்காள் குடும்பம் மெர்பேங்க்கில் இருக்கிறது. ஒருபுறம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், மறுபுறம் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் என்று இரண்டு தலைமுறைகளாகப் புகைக்கு நடுவில் வாழ்ந்த பகுதி அது. அங்குள்ள பள்ளிக் குழந்தைகளிடம் ஆஸ்துமா மிகுந்திருப்பதை மருத்துவ ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. ஒரு ஆலை 2020 டிசம்பரில் நடந்த வெடிப்புக்குப் பிறகும், மற்றொன்று 2022-லும் சுத்திகரிப்பை நிறுத்திவிட்டன, லாரிகள் நிற்கவில்லை. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே ஐயத்துக்கு இடமில்லாத பட்டியலில் சேர்த்துவிட்டது. அக்காள் மகன் பள்ளிப் பையில் இன்ஹேலர் இல்லாமல் வெளியே போவதில்லை. அந்தத் தெருவில் வடிகட்டியைப் பிடுங்கிய வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, விருந்து சாப்பிட்டு வர என்னால் முடியாது. டீசல் வாங்குபவர் வடிகட்டியின் செலவையும் சேர்த்தே வாங்க வேண்டும். அந்தச் செலவைத் தாங்க முடியாதென்றால் வண்டியை வாங்காமல் விடுவதுதான் முறை.

எரிபொருளின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006 ஜனவரி முதல் நாள் இந்த நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டபோதே, டீசலில் கந்தகத்தின் அளவும் பத்து லட்சத்துக்கு 500 பங்கு என்று குறைக்கப்பட்டது. அந்த 500 இன்னும் விற்பனையில் இருக்கிறது, பக்கத்திலேயே 50-உம் இருக்கிறது. வடிகட்டியுள்ள வண்டிக்கு 50 அல்லது அதற்கும் கீழ்தான் போட வேண்டும். கந்தகம் கூடினால் வடிகட்டிக்குக் கேடு. இங்கே நாமாக எரிபொருள் நிரப்புவதில்லை, பணியாளர்தான் நிரப்புவார். எங்கள் வீட்டருகே உள்ள கராஜில் (எரிபொருள் நிலையத்துக்கு இங்கே அதுதான் பெயர்), நான் கண்ணாடியை இறக்குவதற்குள், “டீசல், பாபா? ஃபிஃப்டி?” என்று கேட்டு, என் வாயிலிருந்து பதில் வந்த பிறகே குழாயை எடுக்கும் ஒருவர் இருந்தார். சிறு ஊர்களில் அப்படிக் கேட்பார்கள் என்று நம்பிவிடக் கூடாது. இறங்கி நின்று, குழாயின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நிரப்பச் சொல்லுங்கள்.

இன்னொரு ஆபத்து கலப்படம். ஏழை வீடுகளில் சமைக்கவும் விளக்கெரிக்கவும் பயன்படும் பாரஃபினுக்கு, அதாவது மண்ணெண்ணெய்க்கு, எரிபொருள் வரி கிடையாது. அதை டீசலில் கலந்து, வரியோடு கூடிய விலைக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எரிசக்தித் துறையின் சோதனைகளே இதைக் கண்டுபிடித்திருக்கின்றன. பழைய டீசல் இன்ஜின் இதைச் செரித்துவிடும். இன்றைய இன்ஜின்களில் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு அழுத்தம் தரும் பம்புக்கு, அதன் வழியே ஓடும் டீசலேதான் மசகெண்ணெய். பாரஃபினில் அந்த வழவழப்பு இல்லை. பம்பு தேய்ந்தால் உலோகத்தூள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் வரை போய், வண்டியின் விலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். பெட்ரோலின் விலையை அரசு மாதந்தோறும் நிர்ணயிக்கிறது. டீசலின் சில்லறை விலைக்கு அந்தக் கட்டு இல்லை, கராஜுக்குக் கராஜ் மாறலாம். எனவே லிட்டருக்கு இரண்டு ரேண்ட் குறைவு என்று பலகை வைத்த இடத்தைப் பார்த்து மகிழ்வதற்கு முன், எதனால் குறைவு என்று யோசிக்க வேண்டும். விற்பனை அதிகமுள்ள, லாரிகள் வரிசையில் நிற்கிற இடத்திலேயே நான் எப்போதும் போட்டேன், ரசீதையும் பத்திரப்படுத்தினேன்.

நீண்ட தூரம் ஒரே தொட்டியில் போகலாம் என்பது டீசலின் நியாயமான பெருமை. 2021 ஜூலைக் கலவரத்தில் என்3 மூய் ரிவர் அருகே அடைக்கப்பட்டு, டர்பனில் கராஜ்களெல்லாம் மூடிக் கிடந்த வாரத்தில், முக்கால் தொட்டி டீசல் எங்கள் தெருவில் மூன்று குடும்பங்களுக்குப் பயன்பட்டது. அந்த வாரம் அந்த வண்டியை நான் மிகவும் நேசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

இன்றைக்குப் புதிதாக வாங்குபவருக்குக் கேள்வி கொஞ்சம் எளிதாகிவிட்டது. சிறிய கார்களில் டீசல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. 2015-இல் ஃபோக்ஸ்வாகன் புகைச் சோதனை மோசடி வெளிவந்த பிறகு ஐரோப்பாவிலேயே அதன் மீது நம்பிக்கை சரிந்தது. இங்கே டீசல் நிலைத்திருப்பது பக்கி எனப்படும், பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள வண்டிகளிலும், பக்கியின் அடிச்சட்டத்தின் மீது கட்டிய பெரிய வண்டிகளிலும்தான். அவற்றில் அது நிலைத்திருப்பதற்கு நியாயம் இருக்கிறது. டர்பனில் உள்ள நம் புரோஸ்பெக்டன் ஆலையில் தயாராகும் டொயோட்டா ஹைலக்ஸ் பக்கியின் 2.4 லிட்டர் டீசல் தரும் 400 நியூட்டன் மீட்டர் இழுவிசைக்கு ஈடாக, அதே விலைக்குள் பெட்ரோலில் ஒன்று சொல்வது கடினம். டோங்காட் பக்கம் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர், டிரெய்லர் இழுப்பவர், வாரம் ஒருமுறையாவது நியூகாசிலுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ போகிறவர் டீசலே வாங்கட்டும். மறுவிற்பனை விலையும் அவரைக் கைவிடாது. ஆனால் சர்வீஸ் இடைவெளியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த வகை டீசல்களுக்கு 10,000 கிலோமீட்டர் என்றும், பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலும் 15,000 என்றும் வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 30,000 ஓடுபவருக்கு ஒரு சர்வீஸ் கூடுதல்.

ஊருக்குள்ளேயே ஓடும் குடும்பத்துக்கு, டீசலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை, பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட்டுக்குக் கொடுப்பது மேல் என்பது என் முடிவு. அதே புரோஸ்பெக்டன் ஆலையில் 2021 முதல் தயாராகும் கொரோலா கிராஸ் ஹைப்ரிட்டை இப்போது ஓட்டுகிறேன். டீசலை நோயாளியாக்கிய அதே ஒன்பது கிலோமீட்டர், அதே ஏற்ற இறக்கம், அதே நெரிசல் இதற்கு நன்மையாக முடிகிறது. இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது பாட்டரி நிறைகிறது, நெரிசலில் இன்ஜின் அணைந்தே கிடக்கிறது. ஊருக்குள் நூறு கிலோமீட்டருக்கு எனக்கு 5.2 லிட்டர் ஆகிறது. வான் ரீனன் ஏற்றத்தில் மட்டும் இன்ஜின் ஒரே சீராகக் கத்துவது காதில் விழும்போது, பழைய வண்டியை நினைத்துக்கொள்கிறேன்.

பழைய டீசலைத்தான் வாங்குவேன் என்பவர்கள், விற்பவரிடம் மொத்தக் கிலோமீட்டரைக் கேட்டதோடு நிற்க வேண்டாம். அவர் வீட்டுக்கும் வேலைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். ஐந்து ஆண்டுகளில் 40,000 மட்டுமே ஓடிய, ஒரே முதியவரின் கையிலிருந்த வண்டி என்றால் பெட்ரோலில் அது நல்ல செய்தி, டீசலில் கெட்ட செய்தி. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நீங்களே முதலில் கிளப்பிப் பாருங்கள். எண்ணெய்க் கம்பியை எடுத்து அளவையும் வாடையையும் பாருங்கள். புகைக்குழாயின் வாயில் வெள்ளைத் துணியைச் சுற்றிய விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி நல்ல நிலையில் இருந்தால் துணி சாம்பல் நிறத்துக்கு மேல் போகாது, மை போல ஒட்டினால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது உள்ளே வடிகட்டியே இல்லை.

என் வண்டியை 2024-இல் லேடிஸ்மித்தில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு விற்றேன். எண்ணெய் நீர்த்தது, வடிகட்டி மாற்றியது எல்லாவற்றையும் சொல்லி, ரசீதுகளையும் கொடுத்தேன். வாரத்தில் இரண்டு நாள் டர்பன் மொத்தச் சந்தைக்கு வந்து போகிறார். ஓராண்டு கழித்து அவரைச் சந்தித்தபோது மஞ்சள் விளக்கைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். 47,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார்; அந்த விளக்கு மீட்டரில் எந்த இடத்தில் இருக்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்டார்.